கட்டுற அளவுக்கு

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு யதுஷாவின் தலைமுடி முதன்முறையாக ஒரு றப்பர் வளையத்துக்குள் அடங்கியது.

"அம்மா, ஓடி வாங்கோ. நிக்குது!"

சுபோதினி குசினியில் புட்டுக் குழலைத் தட்டிக்கொண்டிருந்தாள். "என்ன நிக்குது?"

"முடி. கட்டினனான். விழேல்ல."

அடுப்பைத் தணித்துவிட்டுக் கையைத் துடைத்தபடி வந்தாள். மகள் இரும்பு அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் கழுத்தைத் திருப்பாமல் நின்றாள். திருப்பினால் அவிழ்ந்துவிடும் என்ற பயம். பின்தலையில், ஊதா நிற வளையத்துக்குள், விரல் நீளத்துக்கு முடி விறைத்துக்கொண்டு நின்றது. அதற்குள் அடங்காதவை காதோரம் தொங்கின. கரையோர ரயில் போயிற்று. மூன்றாம் மாடி வீட்டின் கண்ணாடி வழக்கம்போல நடுங்கியது. கண்ணாடிக்குள் யதுஷாவும் நடுங்கினாள். முடி அப்படியே இருந்தது.

முகத்தில் சவர்க்கார நுரையோடு பிரியந்தன் குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"பின்னால என்ன பிள்ளை, தும்புத்தடியோ?"

"அப்பா!"

"நல்லதுதானே. நீ நடக்க வீடு கூட்டுப்படும்."

யதுஷா தலையை அசைக்காமல் சிரித்தாள். சுபோதினியும் சிரித்தாள். குனிந்து அந்தச் சிறிய குஞ்சத்தை முகர்ந்தாள். சம்பூ மணத்தது. மருந்து மணக்கவில்லை. நிமிரும்போதுதான் அம்மனுக்கு வைத்த நேர்த்தி ஞாபகம் வந்தது. கட்டுற அளவுக்கு என்று சொல்லியிருந்தாள். இன்றைக்குக் கட்டியாகிவிட்டது.

"அம்மா, இனி நானும் ரிபன் கட்டலாம் என்ன? ரெண்டு பின்னல் வரக் காலம் எடுக்கும். ஒண்டு கட்டலாம். ரீச்சரிட்டைக் கேக்கட்டோ?"

வகுப்பில் ரிபன் இல்லாத ஒரே தலை அவளுடையது. அதற்குப் பள்ளிக்கூடம் அனுமதி கொடுத்திருந்தது. அனுமதி பெற்ற தலையாக இருப்பது பிள்ளைக்குப் பிடிக்கவில்லை.

"கேள்" என்றாள் சுபோதினி. புட்டு அவிந்து மணக்கத் தொடங்கியிருந்தது.

*

அந்த நேர்த்தியை அவள் வைத்தபோது யதுஷாவுக்கு ஆறு வயது. காலில் நீலம் நீலமாகக் கண்டல்கள். விளையாடும்போது விழுந்திருப்பாள் என்று நினைத்தார்கள். பிறகு காய்ச்சல். காலி வீதி டொக்டர் இரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் இப்படியே மஹரகமை ஆஸ்பத்திரிக்குப் போங்கோ என்றார். மஹரகம என்றால் என்ன வருத்தம் என்று கொழும்பில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. ஊரின் பெயரைச் சொன்னாலே போதுமாக இருந்தது.

அன்று பின்னேரம் பிள்ளையைப் பிரியந்தனிடம் விட்டுவிட்டு உடுப்பு எடுக்க வந்தவள், வாய்க்கால் பாலத்தடியில் பஸ்ஸால் இறங்கி அம்மன் கோயிலுக்குள் போனாள். செருப்பைக் கழற்ற மறந்து, வாசலில் நின்றவர் சொல்லிக் கழற்றினாள். முதலில் அவள் கேட்டது வேறு. பிள்ளையின்ர வருத்தத்தை எனக்குத் தா, என்ர உடம்பில போடு என்று கேட்டாள். பலமுறை கேட்டாள். திரைச்சீலை போட்டிருந்தார்கள். உள்ளே விளக்கு மட்டும் தெரிந்தது. அது நடக்காது என்று தெரிந்தபோது, கையில் வேறு என்ன இருக்கிறது என்று யோசித்தாள். பிள்ளையின் முடி இடுப்புக்கு வந்திருந்தது. வீட்டில் பெருமைப்பட இருந்தது அது ஒன்றுதான். மாடிப்படியில் போகிறவர்கள் நின்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். சுகமாக்கி விடு, அந்த முடியைக் கொண்டுவந்து உனக்கு இறக்கிறன் என்றாள்.

மருந்து முடியை எடுத்துவிடும் என்று அவளுக்கு அப்போது தெரியாது. யாரும் இன்னும் சொல்லவில்லை.

சில கிழமைகளில் தலையணையில் கொத்துக் கொத்தாக இருந்தது. அவள் ஒவ்வொரு காலையும் அதைப் பொறுக்கி ஒரு பொலித்தீன் பைக்குள் சேர்த்தாள். கடைசிக் கொத்தும் வந்தபின் பையைக் கோயிலுக்குக் கொண்டுபோனாள். ஐயர் பைக்குள் பார்த்தார். நல்ல மனிதர். "விழுந்ததை அம்மன் எடுக்கமாட்டா பிள்ளை. குடுக்கிறதைத்தான் எடுப்பா" என்றார். சுபோதினி அந்த இடத்திலேயே தவணை மாற்றினாள். கட்டுற அளவுக்கு வளரட்டும், அப்ப கொண்டுவாறன். பாலத்தில் நின்று பையை வாய்க்காலில் போட்டாள். அது கடல் பக்கம் போனது.

முடி வளர்ந்தது. இரண்டாம் வருடம் மருந்தைக் கூட்டினார்கள். திரும்பவும் விழுந்தது. இந்தத் தடவை பிள்ளை அழவில்லை. வாட்டில் பக்கத்துக் கட்டில் அர்பா, கொம்பனித்தெருப் பிள்ளை, இரண்டு வயது மூத்தவள், அவளுக்கும் அதே கிழமை விழுந்தது. இருவரும் ஒரு தொப்பியை மாறி மாறிப் போட்டார்கள். உறவுக்காரர் யாரோ வெளிநாட்டிலிருந்து அனுப்பிய வளையங்கள் ஒரு பை நிறைய அர்பாவிடம் இருந்தன. முடி இல்லாத தலைக்கு வளையம் அனுப்பியிருக்கினம் பார் என்று வாட்டு முழுவதும் சிரித்தது. அர்பா பாதியை யதுஷாவிடம் கொடுத்து, முதல் வளர்ற ஆள் முதல்ல கட்டணும் என்றாள். கட்டிக்கொண்டு வந்து மற்றவளுக்குக் காட்ட வேண்டும். அதுவும் ஒரு நேர்த்திதான். அம்மன் இல்லாத நேர்த்தி.

அந்த வருடங்களில் சுபோதினி மற்றவர்களிடம் வாங்கிக்கொண்டவை அதிகம். இரத்தத்தின் தட்டுக்கள் இறங்கிப் பிள்ளையின் மூக்கால் ஒழுகிக்கொண்டிருந்த ஒரு நாள், இரத்தம் கொடுக்க நான்கு இளைஞர்கள் வந்தார்கள். சப்பாத்தைப் பார்த்ததும் ஆமி முகாமிலிருந்து வருகிறார்கள் என்று அவளுக்கு விளங்கியது. அந்தச் சப்பாத்துகளைச் சிறுவயதில் வன்னியில் அவள் வேறு விதமாக அறிந்திருந்தாள். அவர்கள் ஊசி குத்திய கையை மடித்துக்கொண்டு வெளியே வந்தபோது அவளிடம் ஒரு பிளாஸ்க் தேநீர் இருந்தது. ஊற்றிக் கொடுத்தாள். ஒருவன் "நங்கிட்ட ஹொந்த வெய்" என்றான். தங்கச்சிக்கு நல்லாகிவிடும் என்றான். பெயர் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

பெற்றோல் இல்லாத காலம் ஒன்று வந்தது. ஓட்டோக்கார றமேஷ் இரவு பகலாக வரிசையில் நின்று அடித்த பெற்றோலில் ஒரு போத்தலைச் சீற்றுக்கு அடியில் ஒளித்து வைத்தான். கிளினிக்குக்குப் போகும் செவ்வாய்க்கிழமைகளில் அந்த ஓட்டோவில் வேறு யாரும் ஏற முடியாது. "அது பாப்பா பெட்ரோல்" என்பான். ஸ்டீரொயிட் குடிக்கும் கிழமைகளில் பிள்ளைக்கு அடங்காத பசி. சைவ வீட்டுப் பிள்ளை, மீன் பணிஸ் வேண்டும் என்று அழுதது. யார் கொடுத்து எந்த வாட்டில் ருசி பார்த்ததோ தெரியாது. சுபோதினி பேக்கரியில் வாங்கி, வீட்டுக்குள் கொண்டுவராமல் மாடிப்படியில் இருத்தித் தின்னக் கொடுத்தாள். மீனின் மணம் கையில் இருந்தது. பிள்ளை தின்கிறதே என்று சந்தோஷமாகவும் இருந்தது.

போன வருடம் கடைசி மருந்துக் குளிசை முடிந்தது. இனி மாதம் ஒருமுறை வந்து இரத்தம் காட்டினால் போதும் என்றார்கள். நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது. யாருக்கு என்று தெரியவில்லை. சப்பாத்துக்காரர்களுக்கு விலாசம் இல்லை. மாறிப் போன தாதிமாருக்கு விலாசம் இல்லை. அம்மனுக்கு மட்டும் இருந்தது, வாய்க்கால் கரையில்.

*

முடி கட்டிய அந்த வெள்ளிக்கிழமை பின்னேரமே மகளிடம் நேர்த்தியைச் சொன்னாள். கட்டிலில் மகளை முன்னால் இருத்தி, வளையத்தைக் கழற்றி, சீப்பு ஓடுவதற்கு இடம் இருக்கிறது என்பதையே அனுபவித்துச் சீவிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

யதுஷா நேரே பார்த்தபடி இருந்தாள். பிறகு கையைத் தூக்கிப் பின்தலையில் வைத்தாள்.

"ஆரின்ர முடி அது?"

"உன்ரதான்."

"அப்ப என்னைக் கேட்டனீங்களோ?"

"நீ அப்ப வாட்டில, பிள்ளை. கேக்கிற நிலையே?"

"நான் ரெண்டு தரம் குடுத்திட்டன். மூண்டாந் தரமும் வேணுமாமோ? அம்மனுக்கு எத்தினை பின்னல்?"

"அப்பிடிக் கதைக்கப்படாது."

"அது விழுந்ததாம், குடுத்தது இல்லையாம். எனக்குத்தானே தெரியும் விழுந்ததோ குடுத்ததோ எண்டு."

எழுந்து போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்று திரும்பவும் கட்டினாள். வளையம் இரண்டு தரம் நழுவியது. பிறகு நின்றது.

பிரியந்தன் ஒருகொடவத்தையில் ஒரு கொன்டெய்னர் யார்டில் வேலை பார்ப்பவன். எந்தப் பெட்டி யாருடையது, எங்கே போகிறது என்று பார்ப்பதே தொழில். இரவு சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இருந்து கதையைக் கேட்டான்.

"நேர்ந்தது நீர். தலை அவளின்ர. இதென்ன ஞாயம்?"

"பகிடி விடாதேங்கோ."

"பகிடி இல்லையப்பா. என்ர பெட்டியை நான் ஆருக்கும் எழுதிக் குடுக்கலாம். ஊரான்ர பெட்டியை எழுதிக் குடுத்தா என்னைப் பிடிச்சு உள்ளுக்கு வைப்பாங்கள். நேர்த்தி வைக்கிறதெண்டா உம்மட தலையை வைச்சிருக்க வேணும்."

"குடுக்காட்டி..." என்றாள் சுபோதினி.

அவன் சோற்றில் வைத்த கையை எடுத்தான். குசினிக்குள் தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. "அப்பிடி நினையாதையும்" என்றான் மெதுவாக. ஆனால் அவனும் அதைத்தான் நினைத்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு மாதமும், முடிவு வரும் வரை அவன் போனை நெஞ்சுப் பையில் வைத்திருப்பதில்லை. கையிலேயே வைத்திருப்பான்.

*

செவ்வாய்க்கிழமை கிளினிக். றமேஷ் ஓட்டோவைத் திருப்பும்போதே கண்ணாடியில் பார்த்துவிட்டான்.

"ஐயோ, பாப்பாவுக்குக் குடுமி வந்திருச்சே!"

"குடுமி இல்ல அண்ணா. போனி டெயில்."

"சரிங்க மேடம்."

இரத்தம் எடுக்கும் இடத்தில் பழைய தாதி ஒருத்தி கையுறையைக் கழற்றிவிட்டு வந்து அந்தக் குஞ்சத்தைப் பிடித்துப் பார்த்தாள். "அனே துவே, கொண்டே பெந்தலா!" முடி கட்டிவிட்டாயா மகளே என்று கேட்டாள். மற்றத் தாதியையும் கூப்பிட்டுக் காட்டினாள். இரத்தக் கவுன்ட் நன்றாக இருந்தது. எல்லாம் நன்றாக இருந்தது. சுபோதினி வழக்கம்போல அந்தத் தாளை இரண்டு தரம் பார்த்துவிட்டு மடித்தாள்.

அர்பா வாட்டில் இருந்தாள். அவளுக்கு வருத்தம் திரும்பி வந்திருந்தது. மழை தொடங்கிய மாதத்தில் வந்து படுத்தவளை இன்னும் வீட்டுக்கு விடவில்லை.

வாட்டு வாசலில் சுபோதினி நின்றாள். "வளையத்தைக் கழட்டு பிள்ளை. அவ பாத்தா மனம் நோவா."

"அவ தந்த வளையம்" என்றாள் யதுஷா. கழற்றவில்லை.

ஜன்னலோரக் கட்டில். அர்பாவின் தலை மொழுமொழுவென்று, காது பெரிதாகத் தெரிந்தது. முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும். பக்கத்தில் அவள் உம்மா பர்ஹா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"வந்துட்டா குதிர வால்" என்றாள் அர்பா. "திரும்பு பாப்பம்."

யதுஷா திரும்பினாள்.

"கோணலா ஈக்கி."

"நானே கட்டினது."

"அது பாத்தாலே வெளங்குது. கிட்ட வா."

கையில் சேலைன் குழாயோடு அர்பா அதை அவிழ்த்தாள். விரல்களால் கோதினாள். தேவைக்கு அதிகமாகவே கோதினாள். பிறகு இழுத்துக் கட்டினாள். "இப்ப சரி" என்று கையை மடியில் போட்டுக்கொண்டாள். களைத்திருந்தாள்.

பர்ஹா சுபோதினியின் கையைப் பிடித்தாள். "மாஷா அல்லாஹ். பாக்கக்குள்ள மனசு நெறஞ்சி ஈக்கி அக்கா. எனக்கு இன்னைக்கி இது போதும்."

"அம்மா இதைக் கோயில்ல வெட்டப் போறாவாம்" என்றாள் யதுஷா. முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்.

அர்பா சுபோதினியின் பக்கம் திரும்பினாள். எதிர்க் கட்டிலில் யாரோ போனில் கார்ட்டூன் பார்த்தார்கள்.

"நெசமா ஆன்ட்டி?"

"நேர்த்தி, பிள்ளை. இவளுக்குச் சுகமாக வேணுமெண்டு வைச்சது."

"உம்மாவும்தான் வெச்சி ஈக்கிறா" என்றாள் அர்பா. "எனக்கு சுகமாகணும் எண்டு ஒவ்வொரு வியாழனும் நோன்பு. இன்னமும் புடிக்கிறா. ஆனா காயிறது உம்மாட வயிறு. என்ட வயிறில்ல. நான் நல்லா ரோல்ஸ் தின்னுற."

"வாய மூடு புள்ள." பர்ஹா சுபோதினியைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். "இவள்ட எல்லாத்துக்கும் இங்க மருந்து குடுக்கிறாங்க அக்கா. வாய்க்கு மட்டும் இல்லயாம்."

சுபோதினியும் சிரித்தாள். பர்ஹாவின் உதடு வெடித்திருந்தது. வருடக்கணக்காக ஒரே வாட்டில் இருந்து, ஒரே வாங்கில் நித்திரை கொண்டு, இவள் வியாழக்கிழமைகளில் தேநீர் வேண்டாம் என்று சொல்வதை அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டதில்லை. வயிற்றுக்குச் சரியில்லையாக்கும் என்று நினைத்திருந்தாள்.

போகும்போது அர்பா கூப்பிட்டாள். "யது, வெட்டினா வளையத்த திருப்பித் தா. சும்மா வெச்சிக்காத."

*

வெள்ளிக்கிழமை தாயும் மகளும் கோயிலுக்கு நடந்து போனார்கள். யதுஷா வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லுவாள் என்றுதான் சுபோதினி தயாராக இருந்தாள். நன்றாக இறுக்கிக் கட்டிக்கொண்டு, தாயை விட்டு இரண்டு அடி பின்னால் வந்தாள். காலி வீதியில் புடவைக் கடைகள் திறந்துகொண்டிருந்தன. கடைக் கண்ணாடிகளில் அவள் தன் பின்தலையைப் பார்க்க முயல்வதைச் சுபோதினி பார்த்தாள்.

முடி இறக்குகிறவர் வெள்ளிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையிலிருந்து வருவார். கோயில் பின்பக்கத்தில், கிணற்றடியில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் வாளியும் அவருடைய இடம். அவர் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தபோது ஐயர் வந்து யதுஷாவைப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் இருந்தது. பொலித்தீன் பையும் ஞாபகம் இருந்திருக்க வேண்டும்.

"பொம்பிளைப் பிள்ளை. இவ்வளவு பட்ட பிள்ளை. மூண்டு விரல் அளவு எடுத்தால் காணும். சாத்திரத்தில இடம் இருக்கு. அம்மன் குறை நினைக்கமாட்டா."

யதுஷா தலையைத் தூக்கினாள். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. சுபோதினி அதைப் பார்த்தாள். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. ஆனால் அன்று பின்னேரம் திரைச்சீலைக்கு முன்னால் நின்று மூன்று விரல் அளவு உயிரா கேட்டாள்? முழுக்கக் கேட்டாள். முழுக்கக் கிடைத்தது. கண்ணாடியில் குதித்துக் குதித்துப் பார்க்கிற, அம்மனுக்கு எத்தனை பின்னல் என்று கேட்கிற பிள்ளையாகக் கிடைத்தது.

"இல்லை ஐயா. முழுக்கத்தான் நேர்ந்தது."

பிள்ளையின் கண்ணில் வந்தது அப்படியே போய்விட்டது. அவள் அழவில்லை. வளையத்தைக் கழற்றி, இடக்கைக்குள் பொத்திக்கொண்டாள். நடந்துபோய் ஸ்டூலில் இருந்தாள். தலையை முன்னால் நீட்டி, முகத்தைக் கிணற்றுக் கட்டின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்தத் திரும்பலைச் சுபோதினிக்குத் தெரியும். ஊசித் தட்டோடு தாதி வரும்போது யதுஷா அப்படித்தான் செய்வாள். கையை நீட்டுவாள், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்புவாள். முதல் மாதங்களில் நான்கு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு ஒருவரும் பிடிக்கத் தேவையில்லை. நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் சொன்னாள். அந்த நீட்டிய கையைப் பார்க்காமல் இருக்கத்தான் அவள் ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாட்டுச் சொல்லி வெளியே போனாள்.

கத்திக்காரர் பிளேட்டை மாற்றினார்.

"எழும்பு பிள்ளை" என்றாள்.

"ஏன்?"

"எழும்பன். நான் இருக்கோணும்."

யதுஷா எழும்பினாள். சுபோதினி கொண்டையை அவிழ்த்துக்கொண்டே இருந்தாள். அது முதுகில் விழுந்து ஸ்டூலுக்குக் கீழே தொங்கியது. வாட்டு வருடங்களில் கொட்டியது போக மிஞ்சியது அவ்வளவும்.

"யாருக்குங்க?" என்றார் கத்திக்காரர்.

"எனக்கு."

ஐயர் கிட்ட வந்தார். "பிள்ளை, நீர் கட்டின பெண். புருஷன் இருக்கிறார்..."

"இருக்கிறார் ஐயா. ஒருகொடவத்தையில நிக்கிறார். பின்னேரம் வருவார். கேட்டால் நானே சொல்லுறன்."

"அதுக்கில்லை. நேர்ந்தது பிள்ளையின்ர முடியெல்லோ?"

"அவளிட்டைக் கேக்காமல் நேர்ந்திட்டன். என்னட்டை இருக்கிறதை இப்ப முழுக்கக் குடுக்கிறன். காணாதெண்டால் அம்மன் மிச்சத்தை என்னட்டைக் கேக்கட்டும். அவளிட்டை வேண்டாம்."

ஐயர் மூலஸ்தானப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சால்வையைச் சரிசெய்துகொண்டு, "தண்ணியைத் தெளியும்" என்றார் கத்திக்காரரிடம்.

குளிர்ந்த தண்ணீர் நெற்றியால் வழிந்தது. முதல் கொத்து மடியில் விழுந்தபோது அவள் எதிர்பார்த்த துக்கம் வரவில்லை. மண்டையில் காற்றுப் பட்டது. வாய்க்கால் பக்கத்திலிருந்து உப்புக் காற்று. இதுதானா, இப்படித்தானா உனக்கு இருந்தது என்று நினைத்தாள். யதுஷா எதிரே குந்தி இருந்து தாயின் முகத்தையே பார்த்தாள். வாயைத் திறந்திருந்தாள். ஒரு கட்டத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்தினாள்.

"என்ன சிரிப்பு?"

"உங்கட காது, அம்மா. அப்பம்மா சொல்லுறவ, என்ர காது ஆரின்ர காதோ தெரியேல்ல எண்டு. உங்கடதான்."

குளித்து வந்ததும் அரைத்த சந்தனத்தை ஐயர் கிண்ணத்தில் கொடுத்தார். யதுஷா அதை வாங்கி, தாயைக் குனியச் சொல்லி, உள்ளங்கையால் பூசினாள். எங்கே தோல் எரியும், எங்கே எரியாது என்று தெரிந்த கை அது.

"முதல் ரெண்டு நாள் குளிரும். பிறகு பழகிடும். தலையணை குத்தும் அம்மா. என்ர சட்டின் துணி உறை இருக்கு, தாறன். வெயிலுக்க தொப்பி போடாமல் போகக்கூடாது. ஆக்கள் பாப்பினம். நீங்களும் அவையைத் திருப்பிப் பாருங்கோ. அவை அங்கால திரும்பிடுவினம்."

"ஆர் சொல்லித் தந்தது?"

"நானே கண்டுபிடிச்சது."

வெளியே வந்து செருப்பைப் போடும்போது யதுஷா கையைத் திறந்தாள். ஊதா வளையம் உள்ளங்கையில் வட்டமாக அச்சுப் பதித்திருந்தது. காலி வீதி நடைபாதையில் நின்று, கடைக் கண்ணாடியைப் பார்த்துக் கட்டினாள்.

பிரியந்தன் பின்னேரம் கதவைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றான். பையை இறக்கி வைக்கவில்லை. சுபோதினி தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"நான் அண்டைக்குப் பகிடிக்குச் சொன்னது" என்றான்.

"பகிடி இல்லையெண்டு சொன்னீங்கள்."

அவன் கிட்ட வந்து, கையைத் தூக்கி, அவளுடைய தலையில் வைத்தான். பிள்ளையின் தலையில் அப்படி வைத்திருந்த கை. எடுக்க நேரம் சென்றது.

*

அடுத்த மாதக் கிளினிக்குக்குள் சுபோதினியின் தலையில் முடி நிழல் போல முளைத்திருந்தது. றமேஷ் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டினான். கிருலப்பனை தாண்டியபின், "அக்கா, நம்ம ஊர்ல தீ மிதிப்பாங்க. இது அதவிடக் கஷ்டம்" என்றான். அர்பா பார்த்த உடனே, "ஆன்ட்டியும் எங்கட கிளப்புல சேந்துட்டாங்க" என்று கையைத் தட்டினாள். அவளுக்குப் புதிய மருந்து ஒன்று தொடங்கியிருந்தார்கள். பிடிக்கிறதா என்று டொக்டர்மார் இன்னும் சொல்லவில்லை. காய்ச்சல் இல்லை. பர்ஹா சுபோதினியின் தலையைத் தன் முக்காட்டு நுனியால் ஒருமுறை துடைத்துவிட்டாள், வியர்வை இல்லாதபோதும். அன்று வியாழன் இல்லை. பர்ஹாவும் சேர்ந்து தேநீர் குடித்தாள்.

முடிவுத் தாளுக்காக வெளியே நடைபாதையில் நின்றார்கள். வாங்குகள் நிறைந்திருந்தன. சுவரோரம் ஒரு இளம் பெண் மடியில் மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு ஆண்பிள்ளையோடு இருந்தாள். பிள்ளைக்குத் தலை நிறையச் சுருள் முடி. புதியவர்கள் என்று அந்த முடியே சொன்னது. பக்கத்தில் ஹற்றன் கடை ஒன்றின் பெயர் போட்ட துணிப் பை. அவள் அழுது முடித்திருந்தாள், அல்லது இன்னும் தொடங்கவில்லை. சுபோதினிக்கு அந்த முகத்தைத் தெரியும்.

அந்தப் பெண் நிமிர்ந்து சுபோதினியின் தலையைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற யதுஷாவையும் அவளுடைய குதிரை வாலையும் பார்த்தாள். சட்டென்று பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க உக்காருங்கக்கா. நிக்காதீங்க."

"இல்லை, நீங்க இருங்கோ..."

"உக்காருங்க. ஒங்களுக்கு முடியாதுல்ல."

கையைப் பிடித்து இருத்தினாள். சுபோதினி சொல்லத் திறந்த வாயை மூடினாள். இருந்தாள். வாங்கு அந்தப் பெண்ணின் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே யாரோ ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள், யதுஷாவின் பெயர் இல்லை. இடுப்பில் இருந்த பிள்ளை கையை நீட்டி யதுஷாவின் குஞ்சத்தைப் பிடித்து இழுத்தது. அவள் இழுக்க விட்டுக்கொண்டு தாயைப் பார்த்தாள்.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு யதுஷாவிடம் குனிந்தாள்.

"பாப்பா, அம்மாவுக்கு இப்ப சொகமாயிருச்சா?"